கிழக்கே கடல், வடக்கே படகு

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய 15 கி.மீ. தொலைவில் வங்கக் கடல் வந்துவிடும். சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை. அதற்கப்பால் மணலும் அலையும்தான். ஆனாலும் தாம்பரத்துக்காரர் ஒருவர் பாய்மரப் படகில் ஏற விரும்பினால் கிழக்கே போய்ப் பயனில்லை. வடக்கே, சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். திருவான்மியூரில் தொடங்கிக் கோவளம் வரை நீளும் கரையில், அடியில் கனமான கீல் கொண்ட ஒரு படகைக் கட்டி நிறுத்த இடமே கிடையாது. மீனவர்களின் ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நிற்கும். கீல் உள்ள படகால் அது முடியாது. அதற்கு ஆழமும் அலைமறைவும் வேண்டும்.

அதனால்தான் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிழக்கு வெளுக்கும் முன்பே, நான்கு பேர் தாம்பரத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகும் வண்டிக்குக் காத்து நின்றார்கள். மூத்தவர் சேலையூரில் குடியிருப்பவர், வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மூவருக்கும் அவர் ‘கேப்டன்’. அடுத்தவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். கடலில் பாய்ப் பயணம் அவருக்குப் புதிது. இன்னும் இருவர் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கல்லூரி ஒன்றில் கப்பல் படிப்புப் படிக்கும் மாணவனும் மாணவியும். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். தென் புறநகரைக் கடலோடு இணைக்கும் பழைய பாதை என்றால் உண்மையில் இதுதான். வண்டி நின்ற இடத்திலிருந்து துறைமுகச் சுவர் கண்ணுக்குத் தெரியும்.

படகு நின்றது ஸ்பிரிங்ஹேவன் துறையில். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது. 1911இல் அதைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அன்றைய மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். கிழக்கு நோக்கித் திறந்திருந்த துறைமுக வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்ததால், அந்த வாயை மூடி வடகிழக்கில் வேறு வாய் திறந்த பொறியாளரும் அவரே. கிளப் தொடங்கிய அடுத்த ஆண்டு, 1912 மார்ச்சில், அவருடைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போக உதவியவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். படகோட்டிகளுக்கு அவர் விட்டுச் சென்றது இந்தச் சின்னத் துறை.

அன்றைய திட்டம் எளிது. துறைமுகத்திலிருந்து தெற்கே, கரையோரமாகவே, கோவளத்துக்கு எதிர்வரை போய்த் திரும்புவது. கடல் வழியில் போவதற்கு மட்டும் 30 கி.மீ.க்குச் சற்று மேல். தையிலும் மாசியிலும் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிற படகுக்கு அது பின்காற்று. ஸ்பின்னேக்கர் என்னும் பெரும் பாயை விரிப்பதற்கென்றே அமைந்த காற்று.

இந்தப் பாயைப் படத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். படகின் முன்னால், பாய்மரத்தைவிட்டு விலகி, காற்றைக் குடித்துப் புடைத்து நிற்கும் வண்ணப் பாய். மற்ற பாய்கள் ஒரு பக்கமாவது மரத்தோடோ கம்பியோடோ பிணைந்திருக்கும். ஸ்பின்னேக்கருக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்று மூலைகள், மூன்று கயிறுகள், அவ்வளவுதான். மற்றபடி அது காற்றில் சுதந்திரமாக நிற்கும். அதன் அழகும் ஆபத்தும் அங்கேயே இருக்கின்றன. சுமார் 35 அடி நீளமுள்ள சுற்றுலாப் படகில் பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து வரும் பரப்பைவிட ஸ்பின்னேக்கர் ஒன்றே கூடுதலாக இருக்கும். 70 சதுர மீட்டரைத் தாண்டும். தென் புறநகரின் சிறு அடுக்குமாடி வீடு ஒன்றின் தரையளவு. அத்தனையும் கையில் அள்ளி ஒரு பைக்குள் திணித்துவிடக்கூடிய மெல்லிய நைலான்.

திணிக்கும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. அன்று காலை முதல் ஒரு மணி நேரம் படகு நகரவே இல்லை. ஆசிரியருக்கு அது வியப்பு. கிளம்பலாமே என்று அவர் பார்வையாலேயே கேட்டபோது கேப்டன் சொன்னார்: “கரையில அரை மணி அவசரப்பட்டா கடல்ல அரை நாள் போயிடும் சார்.”

பாயின் தலை மூலையை மாணவி படகின் உள்ளறைக் கம்பியில் கட்டினாள். அங்கிருந்து ஒரு விளிம்பைப் பிடித்துக் கீழே வரை விரல்களால் உருவிக்கொண்டே வந்தாள். ஓர் ஓரத்துக்குச் சிவப்பு நாடா, மறு ஓரத்துக்குப் பச்சை நாடா. பட்டுப் புடவை மடிக்கும்போது இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உடலைத் தன்போக்கில் விடுவார்களே, வேலை ஏறக்குறைய அதேதான். சிவப்பு ஓரம் முழுக்கச் சிவப்பாகவே வரவேண்டும். நடுவில் பச்சையோடு முறுக்கிக்கொண்டால் பாய் மேலே ஏறியதும் இடுப்பு இறுகிய மணற்கடிகாரம்போல மாட்டிக்கொள்ளும். காற்று நிரம்பியபின் அந்த முறுக்கை அவிழ்ப்பது பெரும்பாடு. ஓரங்கள் சரியான பிறகு நடுத்துணியை முதலில் பைக்குள் அமுக்கி, மூன்று மூலைகளை மட்டும் வாய்ப்புறத்தில் வெளியே நீட்டவிட்டுப் பையைக் கட்டினாள்.

அடுத்தது கயிறுகள். ஸ்பின்னேக்கருக்குக் கயிறு போடுவதில் மாறாத ஒரே விதி உண்டு. அதைக் கேப்டன் அன்று பலமுறை சொன்னார்: “எல்லாக் கயிறும் எல்லாத்துக்கும் வெளியில. அத மட்டும் மறக்காதீங்க.”

பாயின் இரண்டு கீழ்மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு கயிறு புறப்பட்டுப் படகின் பின்பகுதிக்கு வரும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றைக் கய் என்கிறார்கள். மறைவுப் பக்கத்துக் கயிறு ஷீட். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கும், ஓரத்துப் பாதுகாப்புக் கம்பிகளுக்கும், முன்பாயின் கயிறுகளுக்கும் வெளிப்புறமாகவே இவை இரண்டும் வரவேண்டும். பின்மூலையில் ஒரு கப்பியைச் சுற்றித் திரும்பி, இழுக்கும் வின்ச்சுக்கு வந்து சேரும். தலை மூலைக்கு ஹால்யார்டு, அதாவது பாயை உச்சிக்கு ஏற்றும் கயிறு. அதுவும் முன்கம்பிக்கு வெளியேதான். உள்ளே போனால் பாய் கம்பியைச் சுற்றி அறைந்துகொண்டு கிழியும்.

பிறகு கழி. பாய்மரத்தில் உள்ள வளையத்தில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையின் வாயில் கய்யைக் கவ்வவிட்டு, காற்றுப் பக்கம் நீட்டி நிறுத்தும் அலுமினியக் கழி. பாயின் ஒரு கீழ்மூலையை அது வெளியே தள்ளிப் பிடித்திருக்கும். மேலே தூக்கிப் பிடிக்க ஒரு கயிறு, கீழே இழுத்துப் பிடிக்க இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் காற்று வேகம் கூடும்போது கழி வானத்தை நோக்கி எம்பும். இதெல்லாம் துறையில் கட்டிய நிலையிலேயே பொருத்தி, முன்தளத்தில் கிடத்திப் பார்த்துவிட வேண்டியவை. ஆடுகிற முன்தளத்தில் முழந்தாளிட்டு முதல்முறையாக யோசிக்க வேண்டியவை அல்ல.

மாணவன் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான். மாணவி படகின் முனையிலிருந்து பின்கோடி வரை ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். நடுவில் நின்றாள்.

“சார், இங்க கய் பாதுகாப்புக் கம்பிக்கு உள்ளாற வருது சார்.”

“பாத்தியேம்மா, அது போதும். அவுத்து வெளியில எடுத்து மறுபடி கட்டச் சொல்லு.”

அந்தக் கயிறு அப்படியே இருந்திருந்தால், பாய் நிரம்பிய நொடியில் கம்பியும் அதைத் தாங்கும் கால்களும் வளைந்து பிய்ந்திருக்கும். கடலில் நடக்கும் ஸ்பின்னேக்கர் விபத்துகளில் கணிசமானவை இப்படிக் கரையிலேயே விதைக்கப்பட்டவை.

கடைசியாக ஒன்று. முன்பாயின் கயிற்று முனைகளில் முடிச்சுப் போட்டுவைப்பார்கள், கை நழுவினாலும் கப்பியில் தங்கிவிடும் என்று. ஸ்பின்னேக்கர் கயிறுகளில் பலர் அந்த முடிச்சைப் போடுவதில்லை. கட்டு மீறிப் போனால் கயிற்றை முழுசாக ஓடவிட்டுப் பாயைக் கொடிபோலப் பறக்கவிடுவதே படகைக் காப்பாற்றும் வழி. விடுவதற்கும் வழி வைத்துக் கட்டுகிறார்கள்.

துறைமுக வாயைத் தாண்டும் வரை எஞ்சின்தான். பெரிய சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில், துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடு, படகு ஓரமாக ஊர்ந்து வெளியேறியது. வெளியே காற்று மந்தம். இந்தக் கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும்; வெயில் ஏற ஏற அது செத்து, முற்பகலில் கடற்காற்று எழுந்து வாடையோடு சேர்ந்துகொள்ளும். பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய தலைமுறைக்கு இதுவே நாளின் கடிகாரம். விடிகாலைக் காற்றில் வெளியே போவார்கள், பிற்பகல் காற்றில் கரை திரும்புவார்கள்.

கேப்டன் கைபேசியில் முன்னறிவிப்பைப் பார்த்தார். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையுயரத்தையும் காற்றையும் நாள்தோறும் கணித்துத் தருகிறது. வங்கக் கடலில் காற்றையும் அலையையும் அளந்துகொண்டு மிதக்கும் அளவை மிதவைகளை நிறுவிப் பராமரிப்பது தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 1993இல் தொடங்கிய அந்தக் கழகம் இருப்பது வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில். ஆசிரியர் அந்த வாசலைப் பேருந்தில் தினமும் கடப்பவர். நடுக்கடலின் காற்றுக்கும் தன் வீட்டுச் சாலைக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை அன்றுதான் அவர் கவனித்தார்.

பத்து மணிக்குமேல் வடகிழக்கு சிலிர்த்தது. சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரம் வலப்பக்கம் இருந்தது. காற்று 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல். படகு தெற்கே திரும்பியதும் காற்று இடப்பக்கப் பின்மூலைக்கு வந்தது. பெரிய பாயைக் கரைப் பக்கம், அதாவது வலப்பக்கம், தளர்த்திவிட்டார்கள். கழி கடல் பக்கம் நீண்டது. ஸ்பின்னேக்கர் பை வலப்பக்க முன்னோரத்தில், முன்பாயின் மறைவில்.

மறைவில் ஏற்றுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. முன்பாய் காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் நிழலில் ஸ்பின்னேக்கர் துவண்ட துணியாகவே உச்சிவரை போய்விடும். பாதி வழியில் காற்று நிரம்பினால் எந்த மனிதனாலும் மீதியை இழுத்து ஏற்ற முடியாது.

“ஏத்து!”

மாணவன் கை மாற்றிக் கை மாற்றி ஹால்யார்டை இழுத்தான். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி சரசரவென்று மேலே ஓடியது. தலை உச்சியைத் தொட்டதும் அவன் கத்தினான். மாணவி கய்யை வின்ச்சில் சுற்றிப் பின்னுக்கு இழுக்க, கீழ்மூலை கழியின் முனைக்கு வந்து முட்டியது. ஆசிரியரின் கையில் ஷீட். அவர் இழுக்கவும், ‘படார்’ என்ற ஒலியோடு பாய் திறந்தது. படகு ஒரு கணம் தயங்கி, முன்னே பாய்ந்தது. முன்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். அதன்பின் நீரின் சத்தம் தவிர வேறு ஓசை இல்லை.

ஷீட்டைப் பிடித்தவருக்கு ஓய்வு கிடையாது. காற்றுப் பக்கத்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தினால் அந்த விளிம்பு ஓரிடத்தில் உள்பக்கமாகச் சுருளத் தொடங்கும். அங்கே நிறுத்தி, ஒரு கையளவு இழுத்தால் சுருள் நிமிரும். மறுபடி தளர்த்து, மறுபடி இழு. விளிம்பு சுருளும் எல்லையில் நிற்கும் பாய்தான் நன்றாக இழுக்கும். இறுக்கிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் படகு பக்கவாட்டில் சாயும். கழியின் உயரமும் அப்படித்தான்: இரண்டு கீழ்மூலைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஏற்றி இறக்க வேண்டும், காற்று வரும் திசைக்கு ஏறக்குறையச் செங்குத்தாகக் கழி நிற்க வேண்டும். சில நிமிடங்களில் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டார். விளிம்பும் அவரும் மட்டுமே.

வலப்பக்கம் தென் சென்னை நகர்ந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கம் பின்னால் போய், அடையாற்று முகத்துவாரம் வந்தது. பெசன்ட் நகர் கரையில் 1930இல் கட்டிய கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் வெள்ளைப் புள்ளி. அஷ்டலட்சுமி கோயில். உள்ளே தள்ளி, கட்டடங்களுக்கு மேல், நீலமங்கலாகப் பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும். அந்தக் குன்றுகளுக்குத் தெற்கே எங்கோ தாம்பரம். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று சாலையில் பெயர்ப் பலகைகளாக மட்டுமே தெரிகிற ஊர்கள், கடலிலிருந்து பார்த்தால் ஒரே கரையின் சின்னச் சின்ன வளைவுகள்.

நீலாங்கரைக்கு எதிரே ஒரு ஃபைபர் படகு அருகே வந்தது. வலையோடு மூன்று மீனவர்கள். மூத்தவர் பாயையே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க அப்பா காலத்துல இங்கல்லாம் பாய்தான் சார். மோட்டார் ஏது?” அவர் சொன்னது ஒரு வரலாறு. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, முக்கோணப் பாய் ஏற்றி, இதே வாடையில் இதே கரையில் ஓடியவை கட்டுமரங்கள். இயந்திரம் வந்தபோது பாய் குறைந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்தபோது கட்டுமரமே அருகிப்போனது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. இயந்திரப் படகு அதிக மீனையும் பாதுகாப்பையும் தந்தது. ஆனால் காற்றைக் கண்ணாலேயே அளக்கும் அறிவு அந்தப் பெரியவரோடு கரையேறிக்கொண்டிருக்கிறது. அவர் வடகிழக்கைப் பார்த்து, “மதியத்துக்கு மேல ஏறும், பாத்துப் போங்க” என்றார். முன்னறிவிப்பும் அதையேதான் சொல்லியிருந்தது.

பின்காற்றில் ஓடும்போது ஏமாற்றம் ஒன்று நிகழ்கிறது. இயற்பியல் ஆசிரியருக்கு அது சட்டென்று பிடிபட்டது. காற்று 12 நாட், படகு அதன் போக்கிலேயே 6 நாட். பின்மூலையிலிருந்து வரும் காற்று படகில் நிற்பவர்களுக்கு 8 நாட் அளவே உணரப்படும். வெயில் சுகமாக இருக்கும்; தென்றல்போலத் தோன்றும். அதே படகு திரும்பி, காற்றை எதிர்த்து 5 நாட்டில் ஏறினால் உணரும் காற்று 16 நாட்டை நெருங்கும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், இருமடங்கு வேகம் நான்கு மடங்கு விசையாகும். ஸ்பின்னேக்கர் ஓட்டுகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணக்கை மறந்துதான். சுகமாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்திருப்பார்கள். கடலில் வெண்நுரை பரவலாகத் தெரியத் தொடங்கும்போது இறக்கும் நேரம் கடந்திருக்கும்.

இந்தப் பாயைச் சென்னைப் பிள்ளைகள் உலகத் தரத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்பது நகரத்திலேயே பலருக்குத் தெரியாது. 49er என்ற பந்தயப் படகின் நீளம் 4.99 மீட்டர்தான். பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து 21 சதுர மீட்டர். ஸ்பின்னேக்கரோ 38 சதுர மீட்டர். இரண்டே பேர், கம்பியில் தொங்கிக்கொண்டு, அதை ஏற்றியும் இறக்கியும் வளைவார்கள். வருண் தக்கரும் கே.சி. கணபதியும் சென்னைத் துறைமுகத்தில் பழகியவர்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்தப் படகில் வெண்கலம் வென்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 19 அணிகளில் 17ஆம் இடம். அதே ஆசியப் போட்டியில், பெண்களுக்கான 49er எஃப்.எக்ஸ் படகில், சென்னையின் வர்ஷா கௌதம் ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளி வென்றார். அதற்கும் நான்கு ஆண்டு முன்னதாக நடந்த ஆசியப் போட்டியில் அவருக்கு ஐஸ்வர்யா நெடுஞ்செழியனுடன் இணைந்து 29er படகில் வெண்கலம். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணனும் சென்னைக்காரரே. அவர் ஓட்டும் படகில் ஸ்பின்னேக்கர் கிடையாது; ஒரே ஆள், ஒரே பாய்.

நெடும்பயணத்திலும் பெயர் இருக்கிறது. கோவாவில் கட்டப்பட்ட 56 அடிப் படகு ஐ.என்.எஸ்.வி. தாரிணி. கடற்படை அதிகாரிகளான தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபர் 2 அன்று அதில் கோவாவிலிருந்து புறப்பட்டு, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இரண்டே பேர், உலகம் முழுவதும். அப்படிக் குறைந்த ஆட்களோடு போகும் சுற்றுலாப் படகுகளில் கழி வேண்டாத இன்னொரு வகையைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். அதன் இரு விளிம்புகளும் சமமாக இருக்காது. முன்மூலையைப் படகின் மூக்கிலேயே கட்டிவிடலாம். மேலிருந்து கீழ்வரை நீண்ட துணிக்குழாய் ஒன்றுக்குள் பாய் முழுதும் ஒளிந்திருக்கும். ஏற்றிவிட்டு, குழாயின் வாய் வளையத்தைக் கயிற்றால் மேலே இழுத்தால் பாய் மலரும். கீழே இழுத்தால் அடங்கும். நேர்ப் பின்காற்றில் அது சோம்பும், பக்கவாட்டுக் காற்றில் பாயும். கணவனும் மனைவியுமாக மட்டுமே போகும் படகுக்கு அதுவே புத்திசாலித்தனம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கழியோடு தொடங்குவதே நல்லது என்பது கேப்டனின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. கழியைப் புரிந்துகொண்டவருக்குப் பாயின் ஒவ்வொரு மூலையும் என்ன கேட்கிறது என்பது தெரிந்துவிடும்.

உத்தண்டியில் 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும், கானாத்தூரில் ஆமெட் கடல்சார் பல்கலைக்கழகமும் அடுத்தடுத்துக் கடந்தன. “நம்ம ஹாஸ்டல் தெரியுதா பாரு” என்று மாணவன் கண்ணை இடுக்கினான். கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் கரை இது. மாலுமியாகப் போகும் பிள்ளைகள் ஒருநாளாவது கையால் கயிறு பிடித்துக் காற்றில் ஓடிப் பார்க்க, அந்தக் கரையிலேயே இடமில்லை.

முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்கு எதிரே காற்று கூடியது. வடகிழக்கில் கடல் கருத்து, ஆங்காங்கே வெண்நுரை. கேப்டன் காத்திருக்கவில்லை.

“இறக்கலாம். முதல்ல முன்பாயை விரி.”

இறக்குவது ஏற்றுவதன் தலைகீழ். முன்பாயை மீண்டும் விரித்து மறைவு உண்டாக்கினார்கள். படகு காற்றுக்கு முதுகைக் காட்டியே ஓடியது. ஆசிரியர் பெரிய பாயின் அடிக்கழியான பூமுக்குக் கீழே நின்று, ஷீட்டைக் கையெட்டும் தூரத்துக்கு இழுத்துப் பிடித்தார். மாணவி கய்யை முழுசாக ஓடவிட்டாள். பாய் சட்டென்று வலிமை இழந்து பெரிய பாயின் நிழலுக்குள் சரிந்தது. ஹால்யார்டைத் தளர்த்தும் மாணவனின் வேகமும், துணியை அள்ளும் ஆசிரியரின் வேகமும் ஒன்றாக இருக்கவேண்டும். கயிறு முந்தினால் பாய் கடலில் விழுந்து வலையாகிவிடும். “மெதுவா, மெதுவா... இப்ப விடு!” மடி நிறைய நைலானோடு ஆசிரியர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

கோவளத்தின் தேவாலயக் கோபுரமும் மரங்களும் முன்னால் தெரிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓஸ்டெண்ட் கம்பெனியின் கப்பல்கள் இன்றைய பெல்ஜியக் கரையிலிருந்து வந்து நின்ற இடம். 1752இல் கிளைவ் பிடித்த கோட்டை இருந்த இடம். இன்று அலைச்சறுக்குப் பலகைகளின் ஊர். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே அலைச்சறுக்கில் தேர்ந்து, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களாக நிற்கிறார்கள். 2021இல் அந்தக் கரைக்கு நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. சொல்லிக்கொடுக்க ஆளும் பழக இடமும் கிடைத்தால் இந்தக் கரையின் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

திரும்பும் வழி நெடிது. காற்றை நேரே எதிர்த்து எந்தப் பாயும் போகாது. கடலுக்குள் ஒரு கோணல், கரைக்கு ஒரு கோணல் என்று மாறி மாறி ஏறவேண்டும். காலையில் தென்றலாக இருந்தது இப்போது முகத்தில் உப்பாக அறைந்தது. ஆசிரியர் தன் கணக்கை உடம்பால் சரிபார்த்துக்கொண்டார். கடைசி மைல்களுக்கு எஞ்சினும் துணைக்கு வந்தது. துறைமுகத்துக்குள் நுழையும்போது விளக்குகள் எரிந்துவிட்டன. ஈரப் பாயின் உப்பை நன்னீரால் கழுவி, துறையிலேயே விரித்து உலர்த்திய பிறகுதான் கடற்கரை நிலையம், தாம்பரம் வண்டி.

வண்டியில் பேச்செல்லாம் முட்டுக்காட்டைப் பற்றியே. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் அங்கே இயங்குகிறது. துடுப்புப் படகு உண்டு, விசைப் படகு உண்டு, அண்மையில் இரண்டடுக்கு மிதவை உணவகமும் வந்திருக்கிறது. அலையில்லாத நீர், திறந்த வானம், தவறாத கடற்காற்று. குழந்தைகள் பழகும் ஆப்டிமிஸ்ட் என்ற சிறு பாய்ப் படகுக்கு இரண்டரை மீட்டர் நீளம்கூட இல்லை. பதினைந்து வயது வரையான பிள்ளைகள் தனியாக ஓட்டுவது. உலகின் ஒலிம்பிக் படகோட்டிகளில் மிகப் பலர் அதில்தான் தொடங்கினார்கள். அதற்குத் துறைமுகம் வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம், கீல் தரை தட்டாத ஆழமும் வேண்டாம்.

அரசும், கடற்கரைச் சாலையின் கடல்சார் கல்வி நிலையங்களும், துறைமுகத்துக்குள் பயிற்சி தரும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து முட்டுக்காட்டில் பத்து ஆப்டிமிஸ்ட் படகுகளை இறக்கவேண்டும். கோவளத்து மீனவப் பிள்ளைகளுக்கும் தாம்பரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் முதல் இடம் தரவேண்டும். அதுவரை, தென் புறநகரில் பிள்ளை வளர்ப்பவர்கள் வரும் கோடை விடுமுறையில் ஒரு காலை கடற்கரை வண்டி ஏறி, துறைமுகத்தில் விசாரித்துப் பாருங்கள். சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.